மண்வெட்டியைப் பிடுங்கியவன்

1

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டு கராஜில் ஒரு மனிதரின் மணிக்கட்டை உடைத்தேன். வலது கை. இரண்டு எலும்பும் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். உடைபட்டவர் பக்கத்து வீட்டு வால்டர். உடைத்தது ஒரு முழ நீள ஸ்பானர். எல்லாம் ஒரு கம்ப்யூட்டரால் வந்தது.

இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் என்னிடம் கேட்டது வேறு. "அமெரிக்காவில் இப்போது வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொள்கிறார்களாமே, அதைப் பற்றி நம் வாசகர்களுக்குப் புரியும்படி, கொஞ்சம் ஊர் வாசனையோடு எழுதுங்கள்" என்று எழுதியிருந்தார். ஊர் வாசனையாம்! எங்கள் ஊர் மரக்காணம் ஐயா. உப்பளத்துச் சேறு வெயிலில் காய்ந்து எழும் வீச்சம்தான் எங்கள் ஊர் வாசனை. அது வேண்டுமென்றால் தருகிறேன்.

ஆசிரியர் கடிதம் வந்த அதே வாரத்தில் இன்னொரு கடிதமும் வந்தது. என் பெரியப்பா மகன் தனபால் அனுப்பியது. அவனால் பேனா பிடிக்க முடியாது. பள்ளிக்கூடத்து வாத்தியார் யாரோ அவன் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தார். "ஏழுமல, நல்லா இருக்கியா. உன்கிட்ட நான் எதுவும் கேக்கல. அன்னிக்கு அளத்துல இன்னா நடந்துதுன்னு ஊருக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு. பத்து வருஷமா என்னை மடைப் பக்கமே விட மாட்றாங்க. என் பொண்ணை வரப்பு உடைச்சவன் பொண்ணுன்னு கூப்புடறாங்க. ஸ்கூலுக்குப் போவ மாட்டேன்னு அழுவுது. நீ சொன்னா ஊரு கேக்கும்."

படித்துவிட்டு மேஜை டிராயரில் போட்டேன். இரண்டு மாதம் அது அங்கேயே கிடந்தது. என்ன எழுதுவது? அவன் என் மண்வெட்டியைப் பிடுங்கினானா இல்லையா? பிடுங்கினான். அது பொய்யா? இப்படித்தான் டிராயரைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

2

முதலில் கம்ப்யூட்டர். ஆசிரியருக்கு ஒப்புக்கொண்டாகிவிட்டது.

நான் வேலை பார்க்கும் கம்பெனியில் ஓர் அறை நிறைய ஒரு கம்ப்யூட்டர் நிற்கிறது. நாற்பது பேர் நாற்பது திரைக்கு முன்னால் உட்கார்ந்து அந்த ஒன்றையே வேலை வாங்குகிறோம். ஒவ்வொருவனுக்கும் அது தன் ஒருவனுக்கே உழைக்கிறது என்ற நினைப்பு. உண்மையில் அது ஒருவனுக்குக் கண் சிமிட்டும் நேரம் வேலை செய்துவிட்டு அடுத்தவனிடம் போய்விடும். நாற்பது பேரையும் சுற்றி வருவதற்குள் முதலாமவன் தன் அடுத்த எழுத்தைக்கூடத் தட்டியிருக்க மாட்டான். யாருக்கு எப்போது முறை என்று தீர்மானிக்கிற நிரலுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் என்று பெயர். ஏரிப் பாசனத்தில் முறை பார்த்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி இருப்பாரே, அவர் வேலைதான் அதன் வேலை.

வீட்டுக் கம்ப்யூட்டர் அப்படி இல்லை. ஒரு டிரங்குப் பெட்டி அளவுதான். ஒருவர் உபயோகிப்பதற்கு என்றே விற்கிறார்கள். எனக்கும் வால்டருக்கும் அதில் ஒரு வீம்பு வந்துவிட்டது. இந்தச் சின்னப் பெட்டியிலும் மூன்று பேர் உட்கார முடியாதா என்ன? போன குளிர்காலம் முழுக்க கராஜில் உட்கார்ந்து ஈயம் உருக்கி ஒட்டினோம். வால்டர் டெலிபோன் கம்பம் ஏறியே கிழவரானவர். கை நடுங்காது. அதிகம் பேச மாட்டார். ஒரு நல்ல இணைப்புக்கு ஒரு உறுமல், மோசமானதற்கு இரண்டு.

மூன்று பேர் உட்காரக்கூடிய சிஸ்டம் ஒன்று கடையிலேயே வட்டில் பதிந்து கிடைத்தது. ஆளுக்கு ஒரு பலகை நினைவகம் வைத்தோம். ஆனால் பெரிய இயந்திரத்தில் இருப்பதைப் போல நடுவில் சுவர் கிடையாது. ஒருவனுடைய நிரல் தறிகெட்டு ஓடினால் மற்ற இரண்டு பேர் வேலையும் நாசம். ஏப்ரலில் மட்டும் பதினேழு தடவை அப்படி ஆயிற்று. அப்போதெல்லாம் நான் பெட்டியை ஓங்கி அறைவேன். சில சமயம் அது சரியாகியும் தொலைக்கும். அதனாலேயே அந்தப் பழக்கம் விடவில்லை.

இரண்டு திரை கராஜில். மூன்றாவது, என் மகள் மல்லிகாவுக்கு, சமையலறை மேடையில். பழைய டெலிவிஷன் ஒன்றைப் பிரித்து நானே அதைச் செய்தேன். டெலிவிஷனின் உலோகச் சட்டத்தில் நேராக மின்சாரம் ஓடும், இடையில் ஒரு தடுப்பு டிரான்ஸ்ஃபார்மர் போடு என்று வால்டர் மூன்று தடவை சொன்னார். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றேன். பின்மூடியைக்கூட மாட்டவில்லை. மூன்று திரையும் பெட்டியும் கராஜ் சுவரில் ஒரே பிளக்கில் தொங்கின.

3

எழுதியதையெல்லாம் சேமித்து வைக்க மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு வட்டுதான். அங்கேதான் என் ஊர் உள்ளே நுழைந்தது.

எங்கள் உப்பளத்தில் கழுவெளி என்கிற உப்பங்கழியிலிருந்து உவர்த் தண்ணீர் ஒரே வாய்க்காலில் வரும். முறை வைத்து எடுத்துக்கொள்வோம். தன் முறை வந்தவன் மடையைத் திறந்துவிட்டு, மடை வாயில் தன் மண்வெட்டியைச் சேற்றில் நட்டு வைப்பான். அந்த மண்வெட்டி நிற்கும்வரை தண்ணீர் அவனுடையது. அவன் சாப்பிடப் போகலாம், மர நிழலில் கண் அயரலாம். எவ்வளவு நேரமானாலும் அவனே வந்து பிடுங்க வேண்டும். இன்னொருவன் மண்வெட்டியைத் தொடுவது அவன் பெண்டாட்டி கையைப் பிடித்து இழுத்ததற்குச் சமம். தொட்டவனை வெட்டினாலும் ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

வட்டுக்கு முறை வைக்கும் பகுதியை நான்தான் மாற்றி எழுதினேன். அதே சட்டத்தை எழுதினேன். வட்டை எடுத்தவன் தானாக விடும்வரை அது அவனுடையது. யாரும் பிடுங்க முடியாது. எடுத்தவன் வேலை முடியும்வரை மற்ற இரண்டு திரையும் அப்படியே உறைந்து நிற்கும்.

"இவ்வளவு நொடிதான் என்று ஒரு கெடு வை. தாண்டினால் பிடுங்கி அடுத்தவனுக்குக் கொடு" என்றார் வால்டர்.

"முடியாது."

"ஏன்?"

"அடுத்தவன் கையிலிருந்து பிடுங்கக் கூடாது. அவ்வளவுதான்."

வால்டர் இரண்டு தடவை உறுமினார்.

அவருக்கு நான் சொல்லாத கதை இது. 1969 சித்திரையில் தனபால் என் மண்வெட்டியைப் பிடுங்கினான். நான் அவன் கையை வெட்டினேன். மூன்று விரல் சேற்றில் விழுந்தது. ஊர் கூடி, செய்தது நியாயம் என்று எனக்குத் தீர்ப்புச் சொன்னது. ஆறு மாதத்தில் கல்யாணமாகி நான் விமானம் ஏறிவிட்டேன்.

4

இங்கே என் நாட்கள் ஒழுங்காகத்தான் போகின்றன. காலையில் ரயில், சாயங்காலம் ரயில். மனைவி கஸ்தூரி ஒரு நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறாள். மல்லிகாவுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் மாலி. நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறாள். அவளிடம் மிச்சமிருக்கும் முழுத் தமிழ் வாக்கியம் ஒன்றே ஒன்று: "அப்பா, கத்தாதே."

நான் கத்துகிறவன்தான். ஒளிப்பானேன்? பால்காரனிடம் கத்துவேன், ரேடியோவிடம் கத்துவேன். ஒருமுறை கணக்குப் பாடத்தில் தப்புப் போட்டாள் என்று கையை ஓங்கினேன். அடிக்கவில்லை. ஆனால் அவள் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு குனிந்தாளே, அதைப் பார்த்த பிறகு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்த வருஷம் பிரஜா உரிமைக்கு விண்ணப்பித்தோம். எத்தனை தாள்! தாய்ப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? அப்பா பெயரைப் போட்டால், அப்படியானால் உங்கள் மனைவிக்கு ஏன் அது இல்லை என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மூன்று தடவை திரும்பி வந்தது. அதிலே ஒரு கேள்வி: கைதாகாமல் போன குற்றம் ஏதாவது செய்திருக்கிறீர்களா? எப்பேர்ப்பட்ட கேள்வி பாருங்கள். அதற்கு எவன் ஆமாம் என்று எழுதுவான்? இல்லை என்று குறி போட்டேன். பேனா நிற்கவே இல்லை.

5

சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சங்கத்தில், அதாவது இதே பைத்தியம் பிடித்த முப்பது பேர் கூடும் கூட்டத்தில், எங்கள் பெட்டியைக் காட்டுவதாக இருந்தது. நான் சிஸ்டம் முழுவதையும் கடைசியாக ஒருமுறை புதிதாகக் கோத்துக்கொண்டிருந்தேன். வட்டை எடுத்தால் விட நாற்பது நிமிடம் ஆகும் வேலை. என் முதுகு திறந்திருந்த சமையலறைக் கதவுப் பக்கம். வட்டு கடகடக்கிற சத்தத்திலும் மின்விசிறி இரைச்சலிலும் வேறு எதுவும் காதில் விழாது. வால்டர் எனக்கு எதிரே, கதவைப் பார்த்து உட்கார்ந்து, உறைந்த திரையின் முன்னால் காபி குடித்துக்கொண்டிருந்தார். மல்லிகா உள்ளே ஏதோ விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். அவள் திரையும் உறைந்துதான் போயிருக்கும்.

முப்பத்தைந்தாவது நிமிடம். வால்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். நேராகச் சுவருக்குப் போனார். பிளக்கில் கை வைத்தார்.

என் கண்ணுக்குத் தெரிந்தது அந்தக் கை ஒன்றுதான். மண்வெட்டிக் காம்பில் விழுந்த கை. எனக்கு எப்போது எழுந்தேன், எப்போது ஸ்பானரை எடுத்தேன் என்று தெரியாது. பிளக்கை இழுத்த கை இறங்குவதற்குள் போட்டேன். எலும்பு நொறுங்குவது ஸ்பானர் வழியாக என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. வால்டர் திரைமேல் சாய்ந்தார். திரை கீழே விழுந்து வெடித்தது. கண்ணாடி எங்கும் சிதறியது. நான் இரண்டாவது தடவையும் ஓங்கிவிட்டேன். "எடுத்தவன் விடுறதுக்கு முன்னால எவன்டா நீ!" என்று தமிழில் கத்தினேன். பாவம், அந்தக் கிழவருக்கு என்ன புரியும்?

அவர் இடது கையால் கதவைக் காட்டினார். "குழந்தை" என்றார். "குழந்தையைப் பார்."

மல்லிகா சமையலறைத் தரையில் கிடந்தாள். உறைந்த திரையைப் பார்த்துப் பார்த்துச் சலித்து அவள் செய்தது நான் செய்வதையே. பெட்டியை அறைந்திருக்கிறாள். பின்மூடி இல்லாத பெட்டி. ஒரு கை உலோகச் சட்டத்தில், மறு கை தண்ணீர்க் குழாயில். ஒட்டிக்கொண்டுவிட்டது. கத்தவும் முடியவில்லை. வால்டர் அதைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறார். அவர் பிளக்கை இழுத்திராவிட்டால் இந்தக் கட்டுரையை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், அவளோடு நானும் செத்திருப்பேன்.

உள்ளங்கை வெந்திருந்தது. மூச்சு இருந்தது. கண்ணைத் திறந்து முதலில் பார்த்தது என் கையிலிருந்த ஸ்பானரை. சுவரோடு சுவராக நகர்ந்தாள்.

6

இனி தனபால் கதையை முழுதாகச் சொல்ல வேண்டும். முன்னால் நான் சொன்னது எதுவும் பொய்யில்லை. பாதியை விட்டுவிட்டேன்.

அமெரிக்காவில் படிக்க இடம் கிடைத்து நான் பாஸ்போர்ட்டுக்குக் காத்திருந்த சமயம். அன்று என் முறை. மண்வெட்டியை நட்டுவிட்டுக் கூழ் குடிக்கப் போனேன். போன இடத்தில் பேச்சு வளர்ந்துவிட்டது. பாத்தியில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்திருக்கிறது. கீழ் வரப்பு அரித்துவிட்டது. அதன் மறுபக்கம், அள்ளத் தயாராக உப்பு பூத்திருந்த பாத்திகள், எங்களுடையவை. தனபால் பக்கத்து அளத்தில் வாரிக்கொண்டிருந்தான். பார்த்தான். கையில் கிடைத்தது என் மண்வெட்டிதான். பிடுங்கினான், சேறு வெட்டி அடைக்க.

"ஏழுமல! வரப்பு போவுதுடா! ஓடியாடா டேய்!"

இந்தக் குரல் என் காதில் விழுந்தது. நன்றாக விழுந்தது. பத்து வருஷமாக, விழவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விழுந்தது. ஓடினேன். அவன் கையில் என் மண்வெட்டியைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறைந்துபோயிற்று. பிடுங்கி, திருப்பி, வெட்டினேன். அவன் கத்தவில்லை. விரல்கள் விழுந்த இடத்தைப் பார்த்தான். அப்புறம் என்னைப் பார்த்து, "வரப்ப அடைடா முதல்ல" என்றான். ரத்தம் கொட்டக் கொட்ட முழங்காலால் சேற்றை அணைத்துத் தள்ளினான். வரப்பு நிற்கவில்லை. ஆட்கள் வந்து சேர்ந்தபோது வரப்பு இருந்த இடமே தெரியாமல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உப்பு மொத்தமும் கரைந்துபோயிற்று.

சாயங்காலம் பஞ்சாயத்து. என் அப்பா பெரிய தலைகளில் ஒருவர். கூட்டத்துக்குப் போகும் வழியில் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரிக்க வரப் போவுது. கேஸ் கீஸ்னு ஆச்சுன்னா உன் படிப்பு, அமெரிக்கா எல்லாம் அவ்ளோதான். அவன்தான் வரப்ப உடைச்சான்னு சொல்லிடு."

"அப்பா, அவன் அடைக்கத்தான்..."

"எனக்குத் தெரியும்டா. சொல்லிடு."

சொன்னேன். பொறாமையில் மண்வெட்டியைப் பிடுங்கி வரப்பை வெட்டிவிட்டான் என்றேன். தனபால் கையில் துணி சுற்றிக்கொண்டு எதிரே நின்றிருந்தான். "டேய், ஏழுமல" என்று மட்டும் சொன்னான். உடைந்த வரப்பும் பிடுங்கிய மண்வெட்டியும் ஊருக்குப் போதுமானதாக இருந்தது. இனி அவன் மடைப் பக்கம் வரக் கூடாது என்று தீர்ப்பு. அடுத்த வாரம் வந்த போலீஸ்காரர் டீ குடித்துவிட்டு, பையன் மேல் புகார் ஒன்றுமில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

அந்தப் பாஸ்போர்ட்டில்தான் இங்கே வந்தேன்.

7

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ஓடி வந்த கஸ்தூரி போன் செய்தாள். ஆம்புலன்ஸோடு போலீஸ் காரும் வந்தது. வால்டரின் கையைப் பலகை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. யார் செய்தது என்று போலீஸ்காரர் கேட்டார். வால்டர் என்னைப் பார்த்தார். "அவனையே கேளுங்கள்" என்றார். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை.

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பினார். பிரஜா உரிமைத் தாள், வேலை, வீடு எல்லாம் ஒரு நொடியில் ஓடி மறைந்தன. நான் மல்லிகாவைப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன்? சத்தியமாகச் சொல்கிறேன், எதுவும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் ஈரத் துணி சுற்றிக்கொண்டு கஸ்தூரி மடியில் உட்கார்ந்திருந்தவள் எழுந்து வந்தாள்.

"வால்டர் அங்கிள் ஒயரில் தடுக்கி விழுந்துவிட்டார்" என்றாள், சுத்தமான ஆங்கிலத்தில். ஒரு தடுமாற்றம் இல்லை. "நான் பார்த்தேன். அப்பா அவரைத் தூக்கிவிடத்தான் போனார்."

போலீஸ்காரர் எழுதத் தொடங்கினார். கஸ்தூரி பெருமூச்சு விட்டாள். வால்டர் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்தது. பத்து வருஷத்துக்கு முன் முடிந்த மாதிரியே அழகாக முடிந்தது. மல்லிகா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சரியாகச் செய்தேனா அப்பா என்று கேட்கிற முகம்.

ஐயோ, அந்த முகத்தை என்னவென்று எழுதுவேன்! ஒன்பது வயதுப் பெண். தமிழைக் கற்றுக்கொடுக்க முடியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேனே, எங்கள் வீட்டுப் பொய் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காமலே வந்துவிட்டது.

"இவள் சொல்வது பொய்" என்றேன். "நான்தான் அடித்தேன். இதோ இதால். இரண்டாவது தடவையும் ஓங்கினேன். அவர் என் குழந்தையைக் காப்பாற்றினார்."

கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். "குழந்தை அழகா சொல்லி முடிச்சிடுச்சி. சும்மா இருந்திருக்கக் கூடாதாங்க? இன்னா புடிச்சிருக்குது உங்களுக்கு?"

என் கையைப் பின்னால் வைத்துப் பூட்டினார்கள். மல்லிகா ஓடி வந்து போலீஸ்காரர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்து, எட்டி உதைத்து, வெந்த கையாலேயே அவரைக் குத்தினாள். "விடு! எங்கப்பாவை விடு!" தமிழில் கத்தினாள். நான் காருக்குள் உட்கார்ந்து, வேண்டாம் கண்ணு, வேண்டாம் என்று கண்ணாடிக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டே இருந்தேன்.

8

மறுநாள் விட்டார்கள். வழக்கு அடுத்த மாதம். பிரஜா உரிமைத் தாள்கள் திரும்பி வந்துவிட்டன. நாட்டைவிட்டே அனுப்பினாலும் அனுப்புவார்கள் என்கிறார் வக்கீல். கஸ்தூரி என்னோடு பேசுவதில்லை. வால்டரை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன். அவர் கையில் இனி ஈயம் ஒட்டும் கோல் நிற்காது.

தனபாலின் கடிதத்தை மல்லிகாவுக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டினேன். நான் செய்ததையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான். அந்தப் பெண்ணுக்கு என்ன வயது? எனக்குத் தெரியவில்லை. இரண்டு மாதம் டிராயரில் போட்டு வைத்த கடிதத்தில் அவள் பெயர்கூட இல்லை, நானும் கேட்கவில்லை.

ஆசிரியர் மன்னிக்கட்டும். கம்ப்யூட்டரைப் பற்றி இவ்வளவுதான் என்னால் முடிந்தது. வெட்டாமல் போடுவீர்கள் என்று நம்புகிறேன்.

வாத்தியார் ஐயா, தனபாலுக்குக் கடிதம் எழுதிக்கொடுத்தது நீங்கள்தானே. நீங்கள்தான் இதையும் படிக்க வேண்டும். வீட்டுக்குள் வைத்துப் படிக்காதீர்கள். ஊர்க் கூட்டம் போடச் சொல்லுங்கள். தனபாலையும் அவன் மகளையும் எல்லோரும் பார்க்கும் இடத்தில் உட்கார வையுங்கள். மற்றதை விட்டுவிட்டு இதை மட்டும் சத்தமாகப் படியுங்கள்: வரப்பு தானாக உடைந்தது. என் கவனக்குறைவால் உடைந்தது. அதை அடைக்க ஓடி வந்தவன் தனபால். என்னைக் கூப்பிட்டான், எனக்குக் கேட்டது. கேட்டும் அவன் கையை வெட்டினேன். பிறகு பஞ்சாயத்தில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொன்னேன். பொய் என்று அப்போதே என் அப்பாவுக்கும் தெரியும்.

இந்தக் கடைசி வரி வரும்போது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்திருப்பார். போக விடாதீர்கள். உட்கார வைத்து, முதலிலிருந்து இன்னொரு தடவை படியுங்கள்.